கீழே கச்சான், மேலே கொண்டல்

ஆடி மாதத்தில் மழை விட்ட ஒரு மாலைப் பொழுது மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தாழ்வாக ஓடும் சாம்பல் மேகங்கள் கடல் பக்கமிருந்து வந்து, பழைய மிளகுக் கிடங்குகளின் ஓட்டுக் கூரைகளைக் கடந்து, காயலையும் தாண்டி எர்ணாகுளம் பக்கம் போகும். அவற்றுக்கு நடுவே இடைவெளி விழும் நேரம் பார்த்து இன்னும் மேலே கவனியுங்கள். வெகு உயரத்தில் இறகு இறகாய் வெண்மேகம் தெரியும். அது கிழக்கிலிருந்து மேற்கே, அரபிக்கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். தொலைவில் இருப்பதால் மெல்ல ஊர்வது போலத் தோன்றினாலும், கீழே ஓடும் மேகத்தைவிட அதற்குத்தான் வேகம் அதிகம்.

மேற்கிலிருந்து வரும் காற்றைக் கடலோரத் தமிழர் கச்சான் என்பார்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். அந்த மாலையில் கொச்சிக்கு மேலே கச்சானும் கொண்டலும் ஒரே நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வீசிக்கொண்டிருக்கின்றன. நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் முதல் காற்றுக்குள் ஏறி, இரண்டாவது காற்றின் விளிம்பில் பறக்கிறது.

வளைகுடாவுக்குப் போய்வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரே விமானம், ஒரே தூரம், போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன? இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் கிழக்கே பறக்கும் விமானத்தை அது சேர்த்துத் தள்ளிவிடுகிறது என்பது ஒன்று. பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே பறப்பவருக்குத் துபாய் எதிரே வந்துவிடும், அதனால் மேற்கேதான் வேகம் என்பது இன்னொன்று. ஒரே காரணத்திலிருந்து நேர் எதிரான இரண்டு முடிவுகள். இரண்டுமே தவறு.

கடிகாரம் செய்யும் குழப்பம்

முதலில் கடிகாரத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. கொச்சியில் காலை 10 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால், இறங்கும்போது அங்கே பகல் 12.30. அதே நான்கு மணி நேரம் திரும்பிப் பறந்தால், துபாயில் காலை 10 மணிக்கு ஏறியவர் கொச்சியில் மாலை 3.30-க்கு இறங்குவார். டிக்கெட்டை மட்டும் வைத்துக் கழித்துப் பார்த்தால் போக இரண்டரை மணி, வர ஐந்தரை மணி என்று ஆகும்.

பூமியின் சுழற்சி டிக்கெட்டில் நேரடியாகக் கைவைக்கும் இடம் இதுதான். பூமி மணிக்கு 15 பாகை திரும்புகிறது. கொச்சிக்கும் துபாய்க்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறத்தாழ 21 பாகை வித்தியாசம். அதாவது கொச்சியில் உச்சிக்கு வந்த சூரியன் துபாயில் உச்சிக்கு வர 84 நிமிடம் ஆகும். இரு நாடுகளும் வைத்துக்கொண்ட பொது நேரங்களின்படி அது 90 நிமிடமாகிறது. இதனால் மாறுவது கடிகாரத்தின் முள் மட்டும். விமானத்தின் வேகம் மாறுவதில்லை.

படகில் வீசிய எலுமிச்சை

இப்போது சுழற்சிக்கு வருவோம். பூமத்திய ரேகையில் பூமியின் சுற்றளவு சுமார் 40,075 கிலோமீட்டர். ஒரு நாளில் ஒரு சுற்று என்றால், அங்கே நிற்கும் மனிதர் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். பத்துப் பாகை வடக்கே இருக்கும் கொச்சியில் இந்த வேகம் சுமார் 1,650. பயணிகள் விமானம் பறப்பது மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில்தான். தரையின் வேகம் விமானத்தின் வேகத்தைப்போல் இருமடங்கு.

அப்படியானால் ஒரு ஹெலிகாப்டரில் ஏறி நெடும்பாசேரிக்கு மேலே ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றால், கீழே பூமி நழுவி, அரபு நாட்டுத் தீர்க்கரேகை காலடிக்கு வந்துவிடாதா? வராது. இறங்கிப் பார்த்தால் அதே நெடும்பாசேரிதான் இருக்கும்.

காரணத்தை மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்குப் போகும் படகிலேயே பார்த்துவிடலாம். படகு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் எலுமிச்சம்பழத்தை நேராக மேலே வீசுங்கள். அது பின்னால் இருப்பவர் மடியில் விழாமல் உங்கள் கைக்கே திரும்பிவரும். கையை விட்டுக் கிளம்பும்போதே படகின் வேகம் பழத்திடம் இருக்கிறது. மேலே போனதும் அது போய்விடுவதில்லை. விமானமும் அப்படித்தான். ஓடுபாதையில் நிற்கும்போதே கொச்சியின் 1,650 அதனிடம் இருக்கிறது. அது பறக்கும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. காற்று மட்டும் சுற்றாமல் நின்றுவிட்டால் கொச்சியில் கிழக்கிலிருந்து மணிக்கு 1,650 கிலோமீட்டர் வேகத்தில் புயல் அடிக்கும். உலகம் கண்ட மிகக் கடுமையான புயல்களே 300, 350-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒரு தென்னையும் மிஞ்சாது.

தரை, காற்று, விமானம் மூன்றுக்கும் பொதுவான ஒரு வேகத்தால் யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. கிழக்கே பறக்கும் விமானம் பூமியின் சுழற்சியோடு தன் வேகத்தையும் சேர்த்துக்கொள்வதால் பூமியின் அச்சைச் சற்று வேகமாகச் சுற்றுகிறது. அதனால் மிகச் சிறிதளவு எடை குறைகிறது. மேற்கே பறக்கும்போது எடை கூடுகிறது. கப்பல்களில் எடுத்த புவியீர்ப்பு அளவுகளில் இந்த வித்தியாசத்தைக் கவனித்து விளக்கியவர் ஹங்கேரிய இயற்பியலாளர் ஏட்வஷ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கொச்சி அகலாங்கில், 850 கிலோமீட்டர் வேகத்தில், 70 கிலோ எடையுள்ள பயணி கிழக்கே போவதற்கும் மேற்கே போவதற்கும் இடையே இந்த வித்தியாசம் ஏறத்தாழ அரைக் கிலோ. விமானத்தின் வேகத்தை இது குறிப்பிடும்படி மாற்றுவதில்லை.

நீரோட்டமும் படகும்

மறுபடியும் காயலுக்கு வருவோம். கொச்சிக் காயல் அசையாத குளம் இல்லை. ஏற்றத்தின்போது கடல்நீர் அழிமுகம் வழியே உள்ளே புகும். இறக்கத்தின்போது வெளியே ஓடும். வேலியேற்றம், வேலியிறக்கம் என்பது இங்கே பேச்சு வழக்கு. எஞ்சின் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் தரும் படகு, 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நீரோடு சேர்ந்து போனால் கரையிலிருந்து பார்ப்பவருக்கு 13 கிலோமீட்டரில் போகும். எதிர்த்துப் போனால் 7 தான். எஞ்சின் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படகு தண்ணீரைக் கிழிக்கும் வேகமும் அதேதான். மாறியது கரையைக் கடக்கும் வேகம்.

விமானத்துக்குத் தண்ணீர் என்பது காற்று. காற்றுக்குள் அது போகும் வேகம் ஒன்று, தரையைக் கடக்கும் வேகம் இன்னொன்று. இறக்கையைத் தூக்கி நிறுத்துவது முதல் வேகம். நம்மை ஊருக்குக் கொண்டுசேர்ப்பது இரண்டாவது வேகம். இரண்டுக்கும் இடையில் இருப்பது காற்றோட்டம்.

கொச்சிக்கும் துபாய்க்கும் நேர்க்கோட்டில் சுமார் 2,780 கிலோமீட்டர். ஏறி இறங்கும் நேரத்தை விட்டுவிட்டு, வழி முழுக்க 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், காற்றில்லாத வானத்தில் 3 மணி 16 நிமிடம். வழி நெடுக 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் 3 மணி 37 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 2 மணி 59 நிமிடம். போகவும் வரவும் 38 நிமிட வித்தியாசம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. போகும்போது இழந்ததை வரும்போது காற்று முழுவதும் திருப்பித் தந்துவிடுமா? இரண்டையும் கூட்டினால் 6 மணி 36 நிமிடம் வருகிறது. காற்றே இல்லாவிட்டால் போகவர 6 மணி 32 நிமிடத்துக்குச் சற்று மேலே. மூன்று நான்கு நிமிடம் கைவிட்டுப் போய்விட்டது. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. பின்காற்றின் தயவைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறது. ஒரே அளவு காற்று இரு வழியிலும் இருந்தால், மொத்தத்தில் பயணிக்கு எப்போதும் நட்டம்தான்.

கொச்சியிலிருந்து டில்லிக்கு, தெற்கிலிருந்து வடக்கே போகும்போது காற்று பக்கவாட்டில் அடிக்கும். அப்போது விமானி மூக்கைச் சற்றுக் காற்றின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பறக்கிறார். நீரோட்டம் பலமாக இருக்கும்போது படகுக்காரர் எதிர்க்கரைத் துறையை நேரே பார்த்து ஓட்டாமல், அதற்கு மேலே ஓர் இடத்தைக் குறிவைப்பது போல.

முந்தும் காற்று, பிந்தும் காற்று

அப்படியானால் பூமியின் சுழற்சிக்கும் பயண நேரத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது விமானத்தைத் தொடுவதில்லை, காற்றைத் திருப்புகிறது. காற்று விமானத்தைத் தள்ளுகிறது.

பூமத்திய ரேகையில் தரையின் வேகம் 1,670. துபாய் இருக்கும் 25 பாகையில் சுமார் 1,510. 30 பாகையில் சுமார் 1,450. வடக்கே போகப் போக வட்டம் சிறுத்துக்கொண்டே போகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே இருந்த காற்று வடக்கே கிளம்பினால், தன்னிடமிருந்த அதிக வேகத்தை எடுத்துக்கொண்டுதான் வரும். அங்கே தரை மெதுவாகப் போகிறது. காற்று அதை முந்திக் கிழக்கே ஓடும். வட்டம் சிறுத்ததாலும் வேகம் கூடும். கைகளை விரித்துச் சுழல்பவர் கைகளை உடலோடு ஒட்டினால் சுழற்சி கூடுமே, அந்த விதி. மாறாக வடக்கிலிருந்து தெற்கே வரும் காற்று குறைந்த வேகத்தோடு வருகிறது. இங்கே தரை வேகமாகப் போகிறது. காற்று பிந்தி, மேற்கே விழும்.

வடக்கே போனால் முந்தும், தெற்கே வந்தால் பிந்தும். நம் வட அரைக்கோளத்தின் பெருங்காற்றுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி போதும். இதற்கு அடிப்படையான கணக்கை 1835-இல் தந்த பிரெஞ்சு அறிஞர் கொரியாலிஸ் பெயரால் இந்த விளைவு அழைக்கப்படுகிறது.

இந்த வரியை வைத்து மட்டாஞ்சேரியின் வானத்தை வாசிக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று பிறப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இந்துமாக்கடலில். அங்கிருந்து வடக்கே வந்து, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி ரேகையைத் தாண்டுகிறது. தாண்டியதும் முந்தத் தொடங்கி, வலப்பக்கம் வளைந்து, சோமாலியா வழியாக அரபிக்கடலைக் கடந்து கேரளத்தின்மேல் வந்து மோதுகிறது. கடலுக்கு மேலே ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இது ஒரு நதியைப்போலக் குவிந்து ஓடுகிறது என்பதை 1960-களின் இறுதியில் ஃபின்லேட்டர் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் வரைந்து காட்டினார். தாழ்ந்த மேகங்களை ஓட்டிவருவது இந்தக் கச்சான்தான்.

மேலே ஓடும் கொண்டலுக்கு ஊற்று திபெத். கோடையில் அந்த உயர்ந்த பீடபூமி சூடாகிறது. இமயத்துக்குத் தெற்கே கொட்டும் பருவமழையும் மேல்வானத்தில் வெப்பத்தைச் சேர்க்கிறது. அங்கே எழும்பிய காற்று உயரத்தில் தெற்கு நோக்கி வழிகிறது. தெற்கே வந்தால் பிந்த வேண்டும் அல்லவா? பிந்தி, மேற்கே திரும்பி, தென்னிந்தியாவின் தலைக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இதன் நடுப்பகுதி. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். வெப்பமண்டலக் கீழைத் தாரை என்று பெயர். 1950-களில் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் ஓர் இந்தியர், இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டேஸ்வரம்.

இந்த இரண்டு காற்றையும் ஒரே இடத்திலிருந்து அளக்கும் கருவி கொச்சியிலேயே இருக்கிறது. திருக்காக்கரையில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், 2017-இல் திறக்கப்பட்ட ரேடார் அது. 619 ஆன்டெனாக்கள் சேர்ந்து 205 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, சுமார் 20 கிலோமீட்டர் உயரம் வரை காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அடுக்கு அடுக்காகச் சொல்கின்றன. படகுத்துறையில் நின்று மேகத்தை வைத்து நாம் ஊகித்ததை அது எண்ணாகத் தருகிறது.

குளிர்காலத்தின் மேலைக் காற்று

"கிழக்கே போனால் சீக்கிரம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பூமத்திய ரேகைக்கு மேலே எழும்பிய காற்று உயரத்தில் வடக்கே போய் முந்துகிறதே, அதிலிருந்துதான். குளிர்காலத்தில் வட இந்தியா, பாரசீக வளைகுடா நெடுக, 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு தாரை பாய்கிறது. மணிக்கு 150, சில இடங்களில் 200 கிலோமீட்டருக்கும் மேல். இன்னும் வடக்கே, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் வானங்களிலும் இதேபோல மேலைத் தாரைகள் உண்டு.

ஜப்பானின் ஓய்ஷி வாசாபுரோ 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றைக் கண்டுவிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். அதனாலேயே யாரும் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மீது குண்டுவீச உயரப் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் எதிர்பாராத பெருங்காற்றில் சிக்கித் திணறியபோதுதான் அதன் பலம் எல்லோருக்கும் உறைத்தது.

இந்தக் காற்றை நம்பித் தூரத்தைக் கூட்டிக்கொண்ட கதை ஒன்று நம்மிடமே உண்டு. டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் முன்பு அட்லாண்டிக் பக்கமாக மேற்கே போனது. சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பாதையைத் திருப்பி, கிழக்கே பசிபிக் வழியாகப் பறந்தார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. ஆனால் பின்காற்று கிடைத்ததால் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய பாதையைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு. சுற்றிப் போனவர் முந்தினார். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் பின்காற்றைப் பிடித்து, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. இது ஒலியின் வேகத்தைவிட அதிகம் அல்லவா என்று தோன்றும். காற்றுக்குள் அதன் வேகம் வழக்கமான அளவுதான், காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

கொச்சிக்கு வேறு கணக்கு

ஆக, கிழக்கே போனால் சீக்கிரம் என்பது பூமியின் விதி இல்லை. மேலைத் தாரை ஓடும் வானத்தின் விதி. அந்த நாடுகளில் எழுதப்பட்ட விளக்கத்தை அப்படியே கொச்சிக்குக் கொண்டுவந்தால் பாதி ஆண்டுக்குத்தான் பொருந்தும்.

மார்கழி, தை மாதங்களில் துபாய் போகும் விமானத்தைக் கவனியுங்கள். கொச்சியை விட்டுக் கிளம்பி அரபிக்கடலின் தென்பாதியைக் கடக்கும் வரை மேல்காற்று பெரிதாக இல்லை. வடமேற்கே ஏற ஏற மேலைத் தாரையின் ஆதிக்கம் தொடங்குகிறது. ஓமன் கரையை நெருங்கும்போது எதிர்க்காற்று பலமாக இருக்கும். திரும்பும்போது அதுவே முதுகில் கைவைத்துத் தள்ளும். போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும் காலம் இது.

ஆடி, ஆவணியில் நிலைமை மாறிவிடும். மேலைத் தாரை வடக்கே வெகுதூரம் விலகிப் போய்விடுகிறது. தென்னிந்தியா மேலே கீழைத் தாரை வந்து உட்காருகிறது. பயணிகள் விமானம் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தாரையின் நடுப்பகுதி அதற்கும் மேலே. ஆகவே அதன் முழு வேகமும் கிடைக்காது, அடிப்பகுதி கிடைக்கும். கொச்சியிலிருந்து மேற்கே கிளம்புகிறவருக்கு அது பின்காற்று. வடக்கே போகப் போக அது வலுவிழக்கும். அதனால் துபாய் வழியில் போவதற்கும் வருவதற்குமான வித்தியாசம் இந்தக் காலத்தில் சுருங்கும்.

வழி முழுக்கத் தெற்கிலேயே இருந்தால் விதி தலைகீழாகும். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கும், கோலாலம்பூரிலிருந்து கொச்சிக்கும் மேற்கு நோக்கி வருபவர்களுக்குப் பருவமழைக் காலத்தில் கீழைத் தாரை முதுகுப்பக்கம் இருக்கும். அங்கே போகிறவர்களுக்கு எதிரே இருக்கும். மேற்கே வருவதுதான் சீக்கிரம்.

கால அட்டவணை போடுகிறவர்களுக்கு இதெல்லாம் அன்றாடம். கோடை, குளிர்காலம் என்று ஆண்டுக்கு இரண்டு அட்டவணைகள் போடும்போதே பருவக்காற்றையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் அன்றைய மேல்காற்றுக் கணிப்பைப் பார்த்துத்தான் பாதையும் உயரமும் எரிபொருளும் முடிவாகின்றன. அதற்கான அளவுகளைச் சேகரிக்க உலகெங்கும் வானிலை பலூன்கள் ஒரே நேரத்தில் மேலே போகின்றன; நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30.

காமா கொடுத்த விலை

காற்றை மதித்துப் பயணம் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. விமானம் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, செங்கடலிலிருந்து முசிறிக்கு வந்த மரக்கலங்கள் ஆடி மாதக் கச்சானில் பாய் விரித்து வந்தன. மார்கழிக் காற்றில் மிளகோடு திரும்பின. வடகிழக்குப் பருவக்காற்றும் அதே விதிதான். ஆசியாவிலிருந்து தெற்கே வருகிறது, பிந்துகிறது, மேற்கே சாய்கிறது. ஒரே சுழற்சி ஆறு மாதம் கப்பலைக் கொண்டுவந்தது, ஆறு மாதம் திருப்பியனுப்பியது. இடைப்பட்ட மாதங்களில் வணிகர்கள் துறைமுகத்தில் காத்திருந்தார்கள்.

காத்திருக்காதவர் வாஸ்கோ ட காமா. 1498 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து, பருவக்காற்றின் போக்கு தெரிந்த ஒரு மாலுமியின் துணையோடு கிளம்பினார். 23 நாளில் கடலைக் கடந்து மலபார் கரையைப் பார்த்துவிட்டார். திரும்பும்போது காற்று மாறும்வரை பொறுக்காமல் அக்டோபர் தொடக்கத்தில் அஞ்சதீவிலிருந்து பாய் விரித்தார். எதிர்க்காற்றிலும் காற்றே இல்லாத கடலிலுமாக ஆப்பிரிக்கக் கரையைத் தொட மூன்று மாதம் பிடித்தது. ஸ்கர்வி நோயில் மாலுமிகள் பலர் இறந்தார்கள். அதே கடல், அதே கப்பல்கள், நான்கு மடங்கு நாட்கள். விமானப் பயணி இன்று அரை மணி நேரமாகப் பார்ப்பதை அவர்கள் உயிராகக் கொடுத்தார்கள். காமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில்தான் இறந்தார். மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அவரை முதலில் புதைத்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

ராக்கெட்டுக்கு மட்டும் ஏன்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பூமியின் சுழற்சி விமானத்துக்கு உதவாது என்றால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டைக் கிழக்கு நோக்கி ஏவுவது சுழற்சியின் உதவிக்காக என்று படித்தோமே?

அதுவும் உண்மைதான். ஸ்ரீஹரிகோட்டாவில் தரை மணிக்கு சுமார் 1,620 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற மணிக்கு 28,000 கிலோமீட்டர் அளவு வேண்டும். அந்த வேகம் பூமியின் மையத்தை வைத்து அளக்கப்படுவது. தரையை வைத்து அல்ல. ஆகவே கிழக்கே ஏவினால் 1,620 கையில் இருப்பாகவே கிடைக்கிறது. விமானம் போய்ச் சேர வேண்டிய இடமோ தரையில் இருக்கிறது. அந்தத் தரையும் கூடவே ஓடுகிறது. எலுமிச்சம்பழத்தைப் படகுக்குள்ளேயே பிடிப்பவருக்குப் படகின் வேகத்தால் பயனில்லை. அதைப் படகுக்கு முன்னே கரையில் நிற்பவரிடம் எறிபவருக்குத்தான் பயன்.

எதிர்க்காற்று நல்லதாகும் இடம்

கடைசியாக, எதிர்க்காற்றைத் திட்டித் தீர்ப்பதற்கு முன் நெடும்பாசேரி ஓடுபாதையைப் பார்க்க வேண்டும். 3,400 மீட்டர் நீளம். கிழக்கு முனையில் 27 என்றும் மேற்கு முனையில் 09 என்றும் எழுதியிருக்கும். 270 பாகை, அதாவது மேற்கு நோக்கி ஓடுபவருக்கு 27. 90 பாகை, கிழக்கு நோக்கி ஓடுபவருக்கு 09. கச்சான் பலமாக அடிக்கும்போது விமானங்கள் மேற்கு நோக்கியே, காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் ஏறும், இறங்கும்.

விமானம் தரையை விட்டு எழ, காற்றுக்குள் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் தரையில் 240 ஓடினாலே போதும். ஓடும் தூரம் குறைகிறது, டயர் தேய்வது குறைகிறது, இறங்கும்போது பிரேக்குக்கும் வேலை குறைகிறது. பட்டம் விடும் சிறுவன் காற்றை எதிர்த்து ஓடுவதும் இதற்காகத்தான். எழும்பும் வரை துணை நிற்கும் எதிர்க்காற்று, உயரத்தில் நேரத்தைத் தின்னும்.

அடுத்த முறை போகும்போது முன் இருக்கையின் திரையில் வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள். தரைவேகம் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். விமானம் உயரத்தில் நிலைகொண்ட பிறகு அதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் அதே கடற்பரப்பில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால், அந்த நாட்களில் அந்த உயரத்தில் வீசிய காற்றின் பங்கு ஏறத்தாழக் கிடைத்துவிடும். தை மாதத்தில் வரும்போது எண் பெரிதாக இருந்தால், முந்தும் காற்று உங்களைத் தள்ளியிருக்கிறது. ஆடியில் கொச்சியை விட்டு மேற்கே போகும்போது எண் பெரிதாக இருந்தால் வியக்க வேண்டாம். படகுத்துறையில் நின்று பார்த்த அந்த வெண்மேகமும் அதே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.